முகம் வரைவதற்கு முன்னால்: வீடியோ கேமில் பலதரப்பட்ட மனிதர்களைக் கொண்டுவருவது எப்படி?

நாங்கள் உருவாக்கிய ஒரு சிறிய கேமைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண் வந்திருந்தார். பாத்திரத்தை உருவாக்கும் திரையில், தோல் நிறத்துக்கான பட்டையைத் தன் நிறத்தை நோக்கி நகர்த்திக்கொண்டே போனார். பட்டை முடிந்துவிட்டது, அவருடைய நிறம் வரவில்லை. கிடைத்த கடைசி நிறத்தோடு விளையாடத் தொடங்கினார். மூன்றாவது காட்சி ஒரு குகை, தீப்பந்த வெளிச்சம். அங்கே அவருடைய பாத்திரத்தின் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகி, கண்களும் பற்களும் மட்டும் தனியே தெரிந்தன. அவர் கோபப்படவில்லை. கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, "இதைக் கடைசிவரை விளையாட வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை ஒதுக்க வேண்டும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. குகைக்கு விளக்கு அமைத்த இரண்டு வாரமும் எங்கள் திரையில் நின்றது ஒரே ஒரு மாதிரிப் பாத்திரம். அதற்கு வெளிர்நிறத் தோல். நடந்தது அவ்வளவுதான். எதை முன்னமைவாக (default) வைத்தோம், எந்த அசைவை முதலில் செய்தோம், யாருடைய முகத்தை வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்தோம் என்று முதல் சில வாரங்களில் போகிற போக்கில் எடுக்கும் முடிவுகள்தான், அந்தக் கேமுக்குள் யார் சுகமாக நுழைவார், யார் வாசலிலேயே நிற்பார் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டி, வேலை நடக்கும் வரிசையிலேயே போகிறது. தனியாகக் கேம் செய்பவருக்கும் நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கும் இது பொருந்தும்.

1. முன்னமைவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்

எதையும் தேர்ந்தெடுக்காமல் "தொடங்கு" பொத்தானை அழுத்தினால் திரையில் வந்து நிற்பவர் யார்? அவருடைய உடல், வயது, நிறம், குரல், நடை, பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஏன்?" என்று ஒரு கட்டம் போடுங்கள். கதைக்குத் தேவை என்றால் அதைச் சொல்லுங்கள். "முதலில் கைக்குக் கிடைத்த மாடல் இதுதான்" என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பெரும்பாலான கட்டங்களில் இரண்டாவது பதில்தான் வரும்.

இதை முதல் வாரத்திலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014-இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி கேமில் பெண் பாத்திரமாக விளையாட முடியாது என்று தெரியவந்தபோது, அனிமேஷன், குரல், உடை என எல்லாமே இரட்டிப்பு வேலை ஆகும் என்று உருவாக்கியவர்கள் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அதே தொடரில் முன்பு பணியாற்றிய அனிமேஷன் கலைஞர் ஒருவரோ, இது ஓரிரண்டு நாள் வேலை என்று பொதுவெளியில் மறுத்தார். யார் கணக்கு சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஆண் உடலை மட்டும் அச்சாக வைத்து எல்லாவற்றையும் கட்டிவிட்டால், பிறகு சேர்க்கப்படும் ஒவ்வொருவரும் "கூடுதல் செலவு" என்ற பெயரில்தான் வருவார்கள். பாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூட்டையும் உடைகளையும் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று உடல்வாகுகளுக்குப் பொருந்தும்படி அமைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2. பாத்திரத்தின் ஆசையை முதலில் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு வருபவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஒரு கற்பனைக் கேமை எடுத்துக்கொள்வோம். சுரங்க நகரம் ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈரா என்ற பெண், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். புதியவர் எழுதும் முதல் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஈரா, மாற்றுத்திறனாளி. தன் குறையை வென்று எல்லோருக்கும் ஊக்கம் தருபவர்." இந்தக் குறிப்பை வைத்து ஒரு வசனம்கூட எழுத முடியாது. ஈராவுக்கு என்ன வேண்டும் என்று அதில் இல்லை. மற்றவர்கள் அவரைப் பார்த்து என்ன உணர வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது.

திருப்பி எழுதுவோம். ஈராவுக்குப் பழைய கடன் ஒன்று இருக்கிறது. அதை அடைக்கும்வரை பட்டறை அவருடைய பெயருக்கு வராது. வாடிக்கையாளரிடம் அதிகம் கேட்கக் கூச்சப்படுவார், ஆனால் உதிரிப்பாகம் விற்பவரிடம் ஈவிரக்கமில்லாமல் பேரம் பேசுவார். இப்போது நாற்காலி இந்த வாழ்க்கைக்குள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பட்டறையின் அலமாரிகள் எல்லாம் இடுப்பளவு உயரத்தில் இருக்கின்றன. அடிக்கடி எடுக்கும் ஸ்பேனர், நாற்காலியின் கைப்பிடியில் கயிற்றால் கட்டித் தொங்குகிறது. வாசல் சரிவுப் பாதையை அவரே பலகை அடித்துச் செய்திருக்கிறார். மூன்றாவது பலகை மிதித்தால் கிறீச்சிடும். விளையாடுபவர் கனமான தள்ளுவண்டியைப் பட்டறைக்குள் கொண்டுபோகவும் அந்தச் சரிவுதான் ஒரே வழி. கேட்காமல் யாராவது நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினால், ஈரா பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கை எடுக்கப்படும்வரை காத்திருப்பார்.

"ஊக்கம்" என்ற சொல் எங்குமே வரவில்லை. அலமாரி, கயிறு, பலகை, ஒரு மௌனம், இவ்வளவுதான். ஆனால் நகரத்தின் வடிவமே ஈரா அங்கே வாழ்வதால் மாறியிருக்கிறது.

உங்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இதேபோல் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவருக்கு என்ன வேண்டும்? இவருடைய அடையாளம் அந்த விருப்பத்துக்கு எங்கே வழிவிடுகிறது, எங்கே இடையூறாகிறது? இவர் வாழ்வதால் இந்த உலகில் எந்தப் பொருள் இடம் மாறியிருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் பாத்திரம் இன்னும் ஒட்டுப்படமாகத்தான் இருக்கிறது.

எல்லாப் பாத்திரங்களும் தயாரான பிறகு ஓர் அட்டவணை போடுங்கள்: யாருக்கு எத்தனை வரி வசனம், யார் சாகிறார், யாரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, யார் முடிவெடுக்கிறார். தனித்தனியாகப் பார்க்கும்போது தவறே தெரியாது. சேர்த்துப் பார்த்தால், முகத்தில் தழும்பு உள்ளவர்கள் எல்லாம் வில்லன்களாகவும், கறுப்பினத்தவர் எல்லாம் முதல் பாதியிலேயே சாகிறவர்களாகவும் இருப்பது தெரியவரும். ஆனால் இதை மதிப்பெண் அட்டையாக மாற்றிவிடாதீர்கள். 2022-இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் கிங் என்ற கேம் நிறுவனம், பாத்திரங்களின் இனம், வயது, உடல் திறன், பாலீர்ப்பு ஆகியவற்றுக்கு எண் கொடுத்து வரைபடமாகக் காட்டும் ஒரு கருவியை அறிமுகப்படுத்தியபோது கடும் கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஒருவருக்கு எண் கொடுக்க வேண்டுமானால், எண் தேவைப்படாத "சாதாரண மனிதர்" என்று வேறொருவரை முதலில் பூஜ்யத்தில் நிறுத்தியாக வேண்டும்.

3. அந்த வாழ்க்கையை வாழ்பவர்களிடம் கேளுங்கள், சீக்கிரமாகக் கேளுங்கள்

கதை இரண்டு பக்கமாக இருக்கும்போதே கேளுங்கள். குரல் பதிவு முடிந்தபிறகு கேட்பது, ஒப்புதல் முத்திரை கேட்பதற்குச் சமம். அப்போது அவர் "இது தவறு" என்று சொன்னாலும் உங்களால் மாற்ற முடியாது.

2014-இல் வெளிவந்த நெவர் அலோன் இதற்கு நல்ல பாடம். அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுக்காக இயங்கும் குக் இன்லெட் ட்ரைபல் கவுன்சில் என்ற அமைப்பே இந்தக் கேமின் பின்னணியில் இருந்தது. இனுபியாட் மக்களின் வாய்மொழிக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, மூத்தவர்களையும் கதைசொல்லிகளையும் கூடவே வைத்து உருவாக்கினார்கள். கதை இனுபியாக் மொழியிலேயே சொல்லப்படுகிறது. விளையாடுபவர் எழுத்தில் மொழிபெயர்ப்பைப் படிக்கிறார். விளையாட விளையாட, அந்தச் சமூகத்தினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் சிறு படங்கள் திறக்கின்றன. ஒரு சிறுமியும் ஒரு நரியும் ஒருவரையொருவர் சார்ந்தே பனிப்புயலைக் கடக்க முடியும் என்பது கேமின் அடிப்படை விதி. ஒருவரை ஒருவர் தாங்கி வாழ்வது அந்தச் சமூகம் போற்றும் பண்பு. அந்தப் பண்பு பொத்தான்களிலேயே இருக்கிறது.

2017-இல் வந்த ஹெல்பிளேட் கேமின் நாயகி செனுவா, மனப்பிறழ்வோடு வாழ்பவர். அதை உருவாக்கிய நிஞ்ஜா தியரி குழு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரோடும், குரல்கள் கேட்கும் அனுபவம் உள்ளவர்களோடும் சேர்ந்து வேலை செய்தது. ஹெட்போனில் விளையாடினால் குரல்கள் தலையைச் சுற்றி இடமும் வலமுமாக நகர்கின்றன. அவை ஏளனம் செய்கின்றன, குழப்புகின்றன; பின்னாலிருந்து எதிரி வரும்போது எச்சரிக்கவும் செய்கின்றன. வெளியிலிருந்து ஊகித்து எழுதியவர் குரல்களை வெறும் அச்சமூட்டும் ஓசையாக வைத்திருப்பார்.

இதற்கு மாறாக, அதே ஆண்டில் வந்த மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமீடாவில் ஒரு திருநங்கைப் பாத்திரம், முன்பின் தெரியாத விளையாடுபவரிடம் முதல் உரையாடலிலேயே தன் பழைய பெயரைச் சொல்லிவிடுவார். நிஜ வாழ்க்கையில் திருநர் பலருக்கு அந்தப் பெயர் வலி. வழிப்போக்கரிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். கண்டனம் வந்ததும் கேமை உருவாக்கிய பயோவேர் மன்னிப்புக் கேட்டு அந்த உரையாடலை மாற்றியது. எழுதும் கட்டத்தில் ஒரு திருநங்கை படித்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும் பிழை அது.

நடைமுறையில் சில விஷயங்கள். ஆலோசனைக்குப் பணம் கொடுங்கள், எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ஒரே ஒருவரை ஒரு சமூகம் முழுவதற்கும் வாயாக நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள், அவர்கள் முரண்பட்டால் அந்த முரண்பாடே நல்ல கதைப்பொருள். "இது சரியா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். "எந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடத் தோன்றியது?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதில் எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை, ஏன் என்பதைத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால் பெயரை நன்றிப் பட்டியலில் போடுங்கள். பணம் போதவில்லை என்றால் பாத்திரங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஐந்து பேரை மேலோட்டமாகக் காட்டுவதைவிட இருவரை முழுமையாகக் காட்டலாம்.

4. விதிகள் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள்

வசனம் சமத்துவம் பேசும், விதி வேறொன்று சொல்லும். விளையாடுபவர் நம்புவது விதியைத்தான். ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்தால் வலிமை கூடி அறிவு குறையும் என்று வைத்தால், பிறப்பே அறிவைத் தீர்மானிக்கிறது என்று உங்கள் கேம் சொல்லிக்கொடுக்கிறது. பெண் பாத்திரத்துக்கான கவசம் அழகுக்கு மட்டும் என்றால் அதுவும் ஒரு கூற்று.

விதி வழியாக நல்லதையும் சொல்லலாம். 2000-இல் வந்த தி சிம்ஸ், ஒரே பாலினத்தவர் காதலிக்க முடியும் என்பதைப் பிரசாரமாகச் செய்யவில்லை. பாத்திரங்கள் பழகும் விதியில் அதற்கு இடம் வைத்தது, அவ்வளவுதான். ஒரு பாத்திரத்தின் அடையாளம் கேமுக்கு வெளியே, இணைப்புக் காமிக்ஸிலோ பேட்டியிலோ மட்டும் வெளிப்படும்போது விளையாடுபவர்கள் ஏமாற்றம் அடைவதும் இதனால்தான். ஓவர்வாட்ச் கேமின் ட்ரேசர் என்ற பாத்திரம் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பது 2016 டிசம்பரில் ஒரு காமிக்ஸ் வழியாகத்தான் தெரியவந்தது. பலர் மகிழ்ந்தார்கள், கேமுக்குள் அது எங்கே என்றும் கேட்டார்கள். சரியான கேள்வி.

5. தோல், முடி, வெளிச்சம்

இங்கே என் குகைக்குத் திரும்புகிறேன். படச்சுருள் காலத்தில் வண்ணத்தைச் சரிபார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்திய "ஷெர்லி அட்டை"களில் வெகுகாலம் வெள்ளையினப் பெண்ணின் முகமே இருந்தது. மற்ற தோல்கள் படத்தில் சரியாக விழவில்லை. ஒரே மாதிரிப் பாத்திரத்தை வைத்து விளக்கமைக்கும் ஒவ்வொருவரும் அந்த அட்டையைத்தான் மறுபடி அச்சடிக்கிறார்கள்.

வெளிர்நிறத் தோலின் படத்தை எடுத்து வெறுமனே கறுப்பாக்காதீர்கள். கருந்தோலுக்குள் சிவப்பு, மஞ்சள், நீலச் சாயல்கள் உண்டு. உள்ளங்கையும் உதடும் வேறு நிறத்தில் இருக்கும். மொத்தமாகக் கறுப்பாக்கினால் அவை அழிந்து சாம்பல் நிறம்தான் மிஞ்சும். கருந்தோலின் வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது பெரும்பாலும் அதன்மேல் விழுந்து பளபளக்கும் ஒளி. அதனால் காட்சி முழுவதையும் பிரகாசமாக்குவதைவிட, பக்கவாட்டில் அகலமான மென்மையான விளக்கு ஒன்றைச் சேர்ப்பது பலன் தரும். தி சிம்ஸ் 4 போன்ற பெரிய கேமே 2020 டிசம்பரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய தோல் நிறங்களைச் சேர்த்தது. அதற்குமுன் இருந்த கருநிறங்கள் திட்டுத்திட்டாகவும் சாம்பலாகவும் தெரிகின்றன என்று விளையாடுபவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்துவந்தார்கள்.

சுருள்முடியும் அப்படித்தான். நேர்முடிக்காகச் செய்த கருவிகளில் சுருளை வரைந்தால் தொப்பி மாதிரி வரும். கறுப்பினக் கலைஞர்கள் செய்த மாடல்களை இலவசமாகத் தரும் ஓப்பன் சோர்ஸ் ஆஃப்ரோ ஹேர் லைப்ரரி இருக்கிறது. தொடங்குவதற்கு அது நல்ல இடம்.

6. பெயரும் விளிப்பும்

உடல், குரல், உடை, விளிக்கும் முறை (அவன், அவள், அவர் என்பது) ஆகிய நான்கையும் தனித்தனித் தேர்வுகளாக வையுங்கள். 2020-இல் வந்த சைபர்பங்க் 2077-இல் குரலைத் தேர்ந்தெடுத்தால் விளிப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பலருக்கு அது ஏமாற்றம். தி சிம்ஸ் 4 உடை, உடல் வேறுபாடுகளை 2016-இல் பாலினத்திலிருந்து பிரித்தது, விளிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதியை 2022-இல் சேர்த்தது.

நம் மொழியில் எழுதுபவர்களுக்கு இதில் கூடுதல் வேலை. தமிழில் பாலும் மரியாதையும் வினைமுற்றிலேயே வந்துவிடும். "அவள் கதவைத் திறந்தாள்" என்ற வரியில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. திறந்தான், திறந்தாள், திறந்தார் மூன்றையும் தனித்தனி வரிகளாகச் சேமிக்க வேண்டும். முதல் நாளே அப்படிச் சேமித்தால் சுலபம். ஆயிரம் வரி எழுதியபிறகு பிரிப்பது நரகம். பெயர் எழுதும் பெட்டி எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கிறதா, இரண்டே எழுத்துப் பெயரையும் மிக நீளமான பெயரையும் தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

7. விளையாட முடிகிறதா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல்திறன் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். ஈராவைப் படைத்துவிட்டு, ஒரு கையால் விளையாடுபவர் உள்ளே வர முடியாத கேமைக் கொடுத்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

புதியவர்கள் நான்கை மட்டுமாவது முதலிலேயே செய்யுங்கள்: பொத்தான்களை மாற்றிக்கொள்ளும் வசதி, பெரிதாக்கக்கூடிய வசன எழுத்து, நிறத்தை மட்டும் நம்பாத குறிப்புகள், அசையும் திரையையும் மின்னும் ஒளியையும் குறைக்கும் வசதி. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் பலர். குறியீட்டின் வடிவத்தையும் மாற்றினால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இல் இத்தகைய அமைப்புகள் 60-க்கும் மேல் இருந்தன. பார்வையற்றவர்கள் அதை முழுவதும் விளையாடி முடித்தார்கள்.

8. வெளியிட்ட பிறகு

குறை சொல்லிக் கடிதங்கள் வரும். இரண்டு குவியலாகப் பிரியுங்கள். இந்த மனிதர்கள் கேமில் இருக்கவே கூடாது என்பவை ஒன்று. அவற்றுக்குப் பதில் தேவையில்லை, ஆனால் அவை உங்கள் குழுவில் யார்மேல் பாய்கின்றன என்று பார்த்து அவர்களைக் காக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. "எங்களைத் தவறாகக் காட்டியிருக்கிறீர்கள்" என்பவை இரண்டாவது. இவற்றை வரிவரியாகப் படியுங்கள், திருத்துங்கள், திருத்தியதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு வசனத்தை மாற்ற சில நாள் போதும்.

எங்கள் கேமில் நிறப் பட்டையை நீக்கிவிட்டு, அடிச்சாயலோடு கூடிய தனித்தனி நிறங்களை வைத்தோம். குகையில் விளக்கமைக்கும்போது ஏழு முகங்களை வரிசையாக நிறுத்தி, ஏழும் தெரியும்வரை விளக்குகளை நகர்த்தினோம். அந்தப் பெண்ணை மறுபடி அழைத்தோம். தன் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார், குகையை நிற்காமல் கடந்தார், நான்காவது காட்சியில் இருந்த பாலத்தில் ஆறு முறை விழுந்தார். கன்ட்ரோலரை வைக்காமலே, "இந்தப் பாலம் சரியில்லை, தாவும் தூரம் அதிகம்" என்றார்.